அம்மாவின் லீவு நாட்கள்

டிசம்பர் மாதக் காலை. வைட்ஃபீல்டு போகும் ஆபீஸ் பஸ்ஸில் எல்லோரும் ஸ்வெட்டருக்குள் சுருண்டு கிடந்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து காதுக்கும் நெருப்பு ஏறியது. ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். பின்சீட்டுப் பெண் கன்னடத்தில் முணுமுணுத்தாள். நெற்றியில் வியர்வை வழிய, நான் மூடவே இல்லை.

மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒருவேளை கர்ப்பமாக இருக்குமோ என்று கிட் வாங்கிப் பார்த்தேன். ஒற்றைக் கோடுதான். வேலைப் பளு, தூக்கமில்லை, டிராஃபிக் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முப்பத்தைந்து வயதில் வேறு என்ன இருக்கப் போகிறது?

எனக்குப் பயமில்லை. நான் எல்லாம் திட்டம் போட்டு வைத்தவளாயிற்றே! ஒருமுறை எங்கள் ஆபீஸுக்கு வந்து பேசிய பெண் டாக்டர் ஒருவர், அம்மாவுக்கு எந்த வயதில் மாதவிடாய் நின்றதோ, பெரும்பாலும் மகளுக்கும் அதை ஒட்டித்தான் நிற்கும் என்றார். அதையே முழுக்க நம்பிவிடாதீர்கள், ஆனால் அது ஒரு அடையாளம் என்றும் சொன்னார். எனக்கு முன்பாதி மட்டுமே காதில் விழுந்தது. என் அம்மாவுக்கு ஐம்பது தாண்டித்தான் நின்றது. அப்புறம் எனக்கென்ன அவசரம்? முதலில் ப்ரமோஷன், பிறகு குழந்தை என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அன்றைக்கே தங்கைக்கும் போன் போட்டுச் சொன்னேன். "அப்போ நான் ஜெர்மனி போய்ட்டு வந்தே பெத்துக்கலாம்" என்று அவளும் சந்தோஷப்பட்டாள்.

அம்மாவுக்கு எப்போது நின்றது என்பது எங்கள் வீட்டில் ரகசியமாக இருக்க வழியே இல்லை. அல்சூரில் நாங்கள் வளர்ந்த வீட்டில் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, கூடவே இருந்தாள். அவள் வைத்ததுதான் சட்டம். வீட்டுக்குத் தூரமானால் அடுப்புப் பக்கமும் சாமி அலமாரிப் பக்கமும் போகக் கூடாது. அம்மா மாதம் மூன்று நாள் பின்னறையில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவாள். தனித் தட்டு, தனி டம்ளர், பக்கத்தில் ஒரு கட்டு வாரப் பத்திரிகை. அப்பா செக்ரட்டேரியட்டுக்குக் கிளம்பும் முன் சித்ரான்னம் கிளறி வைத்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்று எங்கள் இருவரையும் அத்தை விட்டுவிட்டாள். அம்மாவை விடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பாய் விரிந்தது. ஊரிலிருந்து விருந்தாளிகள் வருகிற வாரம் பார்த்துச் சரியாக அம்மா தூரமாகிவிடுவாள். "உனக்கு மட்டும் எப்படிம்மா கரெக்டா வருது?" என்று கிண்டல் செய்வோம். "போங்கடி" என்று பத்திரிகையைப் புரட்டுவாள்.

நாலாவது மாதமும் வரவில்லை என்றதும் டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், சில வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டாவது ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் முதல் ரிசல்ட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அம்மாக்கு எந்த வயசுல நின்னுது?" என்று கேட்டார்.

"அம்பது தாண்டி, டாக்டர்."

"ஷ்யூரா? எதுக்கும் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க. கருமுட்டை ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சமிருக்கு. முயற்சி பண்றதுன்னா இப்பவே பண்ணணும். கிடைக்கும்னு நான் வாக்கு குடுக்க முடியாது."

அங்கிருந்து நேராக அல்சூருக்குப் போனேன். அப்பா ஏரிப் பக்கம் நடக்கப் போயிருந்தார். அத்தை போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக் கொட்டைகளைத் தோல் நீக்கிப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்கு எப்போ நின்னுது?"

"எது?"

"அதுதான். தூரம்."

பிதுக்கிய பருப்பு அவள் விரலுக்கிடையில் அப்படியே நின்றது. "இப்போ எதுக்குடி அதெல்லாம்?"

"சொல்லும்மா."

"முப்பத்தெட்டுல."

"என்னாது? நான் வேலைக்குப் போற வரைக்கும் பாய் போட்டு உக்காந்திருந்தியே!"

"உக்காந்தேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த மூணு நாளுதான் எனக்கு லீவு. உங்க அத்தை இருந்த வீட்டுல, ஜுரம்னாலும் அடுப்பு முன்னாடி நிக்கணும். இது ஒண்ணுக்குத்தான் யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. நின்னுபோச்சுன்னு சொன்னா அதையும் புடுங்கிக்குவாங்கன்னு வாயைத் தொறக்கல. யாருக்கு இதனால என்ன நஷ்டம்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடிப்பாவி, அத்தனை வருடம் அந்த ராட்சசியை ஏமாற்றினாயா என்று கட்டிக்கொள்ளத் தோன்றியது. அடுத்த மூச்சிலேயே சிரிப்பு நின்றது. அவள் ஏமாற்றியது அத்தையை மட்டுமில்லை. நான் என் பிள்ளையைத் தள்ளிப்போட்டது அந்தப் பாயைப் பார்த்துத்தான். கோபம் கோபமாக வந்தது. யாரைத் திட்டுவது? செத்துப்போன அத்தையையா, மூன்று நாள் உட்காரக் கூட வேஷம் போட வேண்டியிருந்த இவளையா? டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா ஈரக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. தங்கை. ஸ்பீக்கரில் போட்டாள் அம்மா.

"ம்மா, விசா வந்தாச்சு! அடுத்த மாசம் கெளம்பறோம். மாமியார் வேற, எப்போடி குழந்தைன்னு நச்சு நச்சுன்னு. நமக்கென்ன அவசரம், சொல்லு!"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"கண்ணு, நான் சொல்றதைக் கேளு. எனக்கு அம்பதுல நிக்கல. முப்பத்தெட்டுலயே நின்னுடுச்சு. உனக்கு அப்போ அஞ்சு வயசு. நான் எல்லார்கிட்டயும் மறைச்சுட்டேன். நீ முதல்ல போய் ஒரு டாக்டரைப் பாரு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவியை அவள் அணைத்தாள்.

"அப்போ அக்காவுக்கு?" என்றாள் தங்கை.

அம்மா போனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

"நீயே சொல்லும்மா" என்றேன்.