துறைமுக வாசலில் தாம்பூலத் தட்டு: தூத்துக்குடியில் கப்பல் நின்ற ஒரு பகல்

கப்பலில் போக வேண்டும் என்ற ஆசை என்னுடையது அல்ல, என் வீட்டுக்காரருடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, சென்னையிலிருந்து கொச்சி போகும் சொகுசுக் கப்பலில் இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டுவிட்டு வந்து நின்றார். போன ஜனவரியில் கிளம்பினோம். வழியில் ஒரே ஒரு ஊரில் கப்பல் ஒரு பகல் நிற்கும் என்று டிக்கெட்டோடு வந்த தாளில் போட்டிருந்தது. அந்த ஊர் தூத்துக்குடி. படித்ததும் எனக்கு மனசு துள்ளியது, அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. டிக்கெட் போடும்போது கொச்சியை மட்டும்தான் பார்த்தாராம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. தூத்துக்குடியில் என் தம்பி லிங்கம் இருக்கிறான். வலையும் கயிறும் விற்கிற கடை வைத்திருக்கிறான். நாலு வருடத்துக்கு முன்னால் சொந்தமாக வீடு கட்டினான். பால் காய்ச்சிக் குடிபோகிற பால்காய்ப்புக்கு ஊர் உறவையெல்லாம் வீடு வீடாகப் போய் தாம்பூலத் தட்டு வைத்து அழைத்தவன், எங்களுக்கு மட்டும் போனில் சொன்னான். அக்கா வீடுதானே, சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டான். இவருக்கு அது பொறுக்கவில்லை. "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் தட்டு, எனக்கு மட்டும் போனா? வீட்டுக்கு வந்து முறையாக் கூப்பிடட்டும், வர்றேன்" என்றார். நாங்கள் போகவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீடுகளில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டாலும் "உன் தம்பிகிட்ட சாம்பார் வாளியைத் தள்ளச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார்.

ஆக, தூத்துக்குடியில் என்னென்ன பார்க்கலாம் என்று மற்ற பயணிகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு ஒரே ஒரு இடம்தான் பார்க்க வேண்டியிருந்தது. நான் ஒரு தடவைகூடக் கால் வைக்காத என் தம்பி வீடு. இவருக்குத் தெரியாமல் அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

கப்பல் காலை ஏழு மணிக்கு வ.உ.சி. துறைமுகத்துக்குள் வந்து நின்றது. எட்டு மணிக்கு மேல் இறங்க விட்டார்கள். மாலை நாலு மணிக்குள் எல்லாரும் திரும்பிவிட வேண்டும், ஐந்துக்குக் கப்பல் கிளம்பிவிடும். துறைமுகத்துக்குள் நடக்க அனுமதி இல்லை. கப்பல்காரர்களே பேருந்து வைத்து வாசல் வரை கொண்டுவந்து விடுகிறார்கள், கட்டணம் கிடையாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கப்பலை விட உயரமான பாரந்தூக்கிகள், கரி மலை, அடுக்கடுக்காகக் கன்டெய்னர்கள். கப்பல் அட்டையோடு ஆதார் அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் இரண்டையும் கேட்கிறார்கள்.

வாசலுக்கு வெளியே நாங்கள் போனில் பேசி வைத்திருந்த கார் நின்றது. மாலை வரைக்கும் 2,200 ரூபாய். ஓட்டுநர் சேவியருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். அவருக்குப் பக்கத்தில், வேட்டி சட்டையில் லிங்கம். அவன் பின்னால் பட்டுப்புடவையில் அவன் மனைவி கனி. அவள் கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, மேலே ஒரு வேட்டி.

"அத்தான், நல்லாருக்கியளா? ஆறு மணிலேருந்து நிக்கோம். உள்ள வந்து கப்பல்லயே வச்சு உங்கள அழைக்கலாம்னு பாத்தேன். பாஸ் இல்லாம விட மாட்டேங்காவ" என்றான்.

இவர் ஒரு நிமிடம் தட்டைப் பார்த்தார். "சரிப்பா. நாங்க ஊரைச் சுத்திப் பாக்கணும். அப்புறம் பேசுவோம்" என்று காரில் ஏறிவிட்டார். ஏறியதும் என் பக்கம் திரும்பி, "இவனுக்கு யார் சொன்னது?" என்றார். நான் உப்பளத்தைப் பார்த்தேன். நிஜமாகவே பார்க்க வேண்டிய காட்சி அது. துறைமுகத்திலிருந்து ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர் தூரம். வழியெல்லாம் பாத்தி பாத்தியாக நீரும், கரையில் குவித்த வெள்ளை உப்பும் கண்ணைக் கூசவைக்கின்றன.

"ரோட்டுல வச்சுக் கூப்பிட்டா அது அழைப்பா? வீட்டுக்கு வந்து கூப்பிடணும்" என்று இவர் மறுபடி ஆரம்பித்தார்.

சேவியர் கண்ணாடியில் பார்த்தபடி, "சாரு வீடு மெட்ராஸ்ல இருக்கு, சாரு இங்கன இருக்கிய. அவரு எங்கன போயி கூப்பிடுவாரு?" என்றார். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். லிங்கத்தின் பைக் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, கனி பின்சீட்டில் தட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

முதலில் பழைய துறைமுகம். பெரிய கப்பல்களெல்லாம் புதிய துறைமுகத்துக்குப் போய்விட்ட பிறகு இங்கே தோணிகள்தான். மரத்தில் செய்த சரக்குத் தோணிகள், மாலத்தீவு வரைக்கும் வெங்காயமும் காய்கறியும் ஏற்றிப் போகின்றன. எங்கள் பதினோரு மாடிக் கப்பலில் வராத கடல் வாசனை இங்கேதான் வந்தது. அங்கேயும் லிங்கம் வந்து நின்றான். இவர் தோணியைப் பார்க்க, அவன் இவரைப் பார்க்க, நான் இரண்டு பேரையும் பார்க்க, ஒரு மணி நேரம் போனது.

பிறகு கடைத்தெரு. முத்துநகர் என்று பெயரே இருக்கிறது, முத்து வாங்கலாம் என்று கிளம்பி வராதீர்கள். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று ரொம்ப காலமாகிறது. இப்போது குளிக்கப் போகிறவர்கள் சங்குக்காகத்தான் போகிறார்கள். ஒரு கடையில் ஜோடித் தோடு காட்டினார்கள். "அண்ணாச்சி, இது இந்த ஊர் முத்தா?" என்று கேட்டேன். "ஆமான்னு சொன்னா யாவாரம் ஆவும்மா. ஆனா பொய்யி. ஐதராபாத்துலேருந்து வருது" என்றார் கடைக்காரர். அந்த உண்மைக்காகவே தோட்டை வாங்கிக்கொண்டேன். மக்ரூன் வேறு கதை. முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்கிற இந்த மிட்டாய் இந்த ஊரில்தான் இப்படி வாயில் வைத்ததும் கரையும். கால் கிலோ 250 ரூபாய் கொடுத்தோம். காற்றுப் புகாமல் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கப்பல் ஏறுவதற்குள் பிசுபிசுத்துவிடும்.

மதியம் ஓட்டலில்தான் சாப்பிட வேண்டும் என்றார் இவர். மீன் சாப்பாடு 180 ரூபாய். நல்ல சாப்பாடு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இறங்கவில்லை. லிங்கமும் கனியும் எதிர் சாரியில் வேப்பமர நிழலில் நின்றார்கள். கை கழுவிய ஈரத்தோடு போய், "ஏலே, உள்ள வந்து சாப்பிடுங்கலே" என்றேன்.

"இல்லக்கா. வீட்டுல சமைச்சு வச்சிருக்கு. நீங்க வராம நாங்க மட்டும் இங்கன சாப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்றான். அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக இவர் மேல் கோபம் வந்தது. காரில் ஏறியதும் கதவை நான் சாத்திய சத்தத்தில் சேவியர் திரும்பிப் பார்த்தார்.

இரண்டு மணிக்குப் பனிமய மாதா கோயில். கடற்கரைச் சாலைப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று நிற்கிறது. தங்கத்தேர் ஓடுகிற திருவிழாவின்போது இங்கே நிற்க இடம் கிடைக்காது என்றார் சேவியர். நாங்கள் போனபோது உள்ளே ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வெளியே வந்தபோது இவர் படியில் அப்படியே நின்றுவிட்டார். வாசலுக்கு வெளியே வெயிலில் கனி குந்தி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலைச் சரித்து உள்ளங்கையில் ஊற்றி வெற்றிலை மேல் தெளித்துக்கொண்டிருந்தாள். தெளித்துவிட்டு, முந்தானையால் தட்டை மூடினாள். அவள் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. பட்டுப்புடவை முதுகில் வேர்த்து ஒட்டியிருந்தது.

இவர் இறங்கிப் போனார். "என்னம்மா பண்றே?" என்றார். நாலு வருடத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

கனி பதறி எழுந்தாள். "வெத்தல வாடிரும்லா அண்ணே. வாடுன வெத்தலய வச்சு உங்கள எப்பிடிக் கூப்பிடுவேன்?"

இவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு விடுவிடுவென்று நடந்து போய்க் காரின் பின்கதவைத் திறந்து, உள்ளே ஏறி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு எங்க வீடு இதுதான். உள்ள வந்து கூப்பிடுங்க" என்றார்.

எங்களுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. சேவியருக்கு முதலில் புரிந்துவிட்டது. ஓடிப்போய் ஏசியைப் போட்டுவிட்டு, முன்சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் எடுத்து ஒதுக்கினார். "வீட்ட கொஞ்சம் ஒதுக்கிக்கிடுதேன் சார்" என்றார். நான் இவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். லிங்கமும் கனியும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்து, பின்னால் திரும்பி, தட்டை நீட்டினார்கள்.

"அத்தானும் அக்காவும் நம்ம வீட்டுக்கு வரணும்" என்றான் லிங்கம். தட்டில் சரிந்திருந்த வேட்டியை நேராக்கினான். "அன்னைக்கு போன்ல சொன்னது தப்புதான் அத்தான். அக்கா வீடு வேற, எங்க வீடு வேறன்னு எனக்குத் தோணவே இல்ல" என்றான்.

இவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். வாழைப்பழம் கறுத்திருந்தது. வெற்றிலை மட்டும் பச்சையாக இருந்தது. நான் அழுதேன், அதை மறைப்பானேன்.

ஆனால் மணி இரண்டே கால் தாண்டிவிட்டது. தம்பி வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் போன நேரம் கேட்டை மூடினார்கள். சரக்கு ரயில் ஒன்று பெட்டி பெட்டியாக, யாருக்கும் அவசரமே இல்லை என்பது மாதிரிப் போனது. வீட்டு வாசலில் இறங்கும்போது மூன்று மணி. நாலு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும், துறைமுகச் சாலையில் லாரி நெரிசல் வேறு. "மூணே காலுக்குக் கெளம்பிரணும்" என்று சேவியர் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கக்கூட நேரமில்லை. கனி நேராக அடுப்படிக்குப் போய்ப் பரணிலிருந்து ஒரு பானையை இறக்கினாள். எவர்சில்வர் பானை, கடை ஸ்டிக்கர்கூட உரிக்கவில்லை.

"மதினி, இது நீங்க காய்ச்சணும்னு வாங்குனது. அன்னைக்கு நீங்க வரலன்னதும் எங்கம்மா வேற சட்டில காய்ச்சுனா. இத எடுக்க எனக்கு மனசு வரல" என்றாள். வீட்டில் இருந்த பாலையெல்லாம் அதில் ஊற்றினாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

நாலு பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். பானை நிறையப் பால், சின்ன அடுப்பு. மூன்று பத்து ஆனது. ஓரத்தில் ஒரு நுரைகூடக் கட்டவில்லை. வெளியே சேவியர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். எங்கள் வீட்டில் ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நிற்கிற மனுஷர் இவர். அவருக்காகத்தான் நான் பயந்தேன். மூன்றே கால் ஆனதும், "சூடாகிருச்சு, இது போதும். கெளம்பலாம்" என்று அடுப்பை அணைக்கக் கை நீட்டினேன்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொங்கட்டும், இரு" என்றார். பிறகு லிங்கத்தைப் பார்த்து, "மாப்ள, அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வையி" என்றார்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கு வெந்தபடி காருக்கு ஓடினோம். சமைத்து வைத்த சாப்பாடு அப்படியே இருந்தது. சேவியர் லாரிகளுக்கு நடுவே எப்படி ஓட்டினார் என்பதை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். கடைசிப் பேருந்து எங்களுக்காக வாசலில் நின்றது. கப்பலுக்குள் கால் வைத்தபோது நாலு மணிக்கு மூன்று நிமிடம் பாக்கி.

இந்த வழியாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், கப்பல் நேரத்துக்கு வந்தால் மட்டும் காலையிலேயே போய்விட்டு வரலாம். குலசேகரன்பட்டினம், மணப்பாடு பக்கமெல்லாம் ஒரு பகலில் ஆசைப்படாதீர்கள். தொப்பியோ குடையோ கட்டாயம் வேண்டும், ஜனவரி வெயிலே மண்டையைப் பிளக்கிறது. ஊருக்குள்ளிருந்து மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள், எங்களை மாதிரி இருக்காதீர்கள். மக்ரூனைக் கப்பலில் ஏற்ற விடுவார்கள், கருவாட்டை விட மாட்டார்கள். கனி கட்டிக்கொடுத்த நெத்திலிக் கருவாடு சேவியர் வீட்டுக்குப் போனது. தூத்துக்குடியில் உங்களுக்கு உறவு யாராவது இருந்தால், காலையில் இறங்கியதும் முதலில் அங்கே போங்கள். தோணியையும் கோயிலையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கொச்சியில் இறங்கி வீட்டுக்கு வந்த மறுநாளே இவர் தூத்துக்குடிக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டார். இரண்டு பேருக்கு, கீழ்ப் படுக்கை. திரும்பி வருகிற டிக்கெட் எங்கே என்று கேட்டேன். "அதை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார்.