வழக்கம்போலதான், கண்ணு

கெல்டர்பி நகரக் கால்பந்துக் கழகத்தின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் கிளெண்டா முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். அத்தனை வருடத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. முதல் பாதி முடியும்வரை ஜன்னல் வேலை, அதற்குப் பிறகு கிழித்த டிக்கெட்டின் அடிக்கட்டைகளை எண்ணும் வேலை. கோல் விழுந்த சேதி அவளுக்குக் கூரை வழியாகத்தான் வரும். நம்ம பையன் போட்டால் தகரம் அதிரும். எதிராளி போட்டால் ஆண்கள் கழிப்பறைக் கதவு வரிசையாகச் சாத்தப்படும் சத்தம் கேட்கும்.

ஆட்டம் தெரியாது, ஆட்களைத் தெரியும். ஒவ்வொரு மே மாதமும் வருடச் சீட்டைப் புதுப்பிக்க மில் லேன் மைதானத்து வாசலில் வரிசை கட்டுவார்கள். ஒருவரும் இருக்கை எண் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஜன்னலில் குனிந்து, "வழக்கம்போலதான், கண்ணு" என்பார்கள். கிளெண்டா முகத்தைப் பார்த்து எண்ணைத் தட்டுவாள். அவளுக்கு எல்லாருடைய பெயரும் தெரியும். அவளுடைய பெயர் அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவள் எல்லாருக்கும் கண்ணுதான்.

பிறகு ஜூலியன் வந்தார். லண்டனிலிருந்து வந்த நிர்வாகி, கணுக்கால் தெரியும்படி கால்சட்டை போடுகிறவர். வீடு மாறினால் யோகம் மாறும் என்பது அவர் கணக்கு. மில் லேனை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்று, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ரவுண்டானாவை ஒட்டி இருபத்து நாலாயிரம் இருக்கையோடு ஒரு மைதானத்தை எழுப்பினார்கள். ஒரு மெத்தைக் கம்பெனி காசு கொடுத்ததால் அதன் பெயரே மைதானத்துக்கும் வந்தது. புது மைதானம், புது ரசிகர்கள், இரண்டே வருடத்தில் மேல் டிவிஷன் என்று ஜூலியன் பத்திரிகைக்காரர்களிடம் விரலை நீட்டிச் சொன்னார்.

நடந்தது வேறு. மார்ச் பிறந்தபோது சொந்த மைதானத்தில் பதினாறு ஆட்டம் முடிந்திருந்தது, வெற்றி இரண்டே இரண்டு. பட்டியலில் அடியிலிருந்து மூன்றாவது இடம். கடைசி மூன்று இடத்தில் முடித்தால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். இதெல்லாம்கூடப் போகட்டும். மைதானத்தில் சத்தமே இல்லை! எட்டாயிரம் பேர் வந்து உட்கார்ந்து, மழை பார்ப்பதுபோல் ஆட்டம் பார்த்துவிட்டுப் போனார்கள். வெளியூர் ரசிகர்கள் மெத்தைப் பெயரைப் பார்த்துவிட்டுத் தாலாட்டுப் பாடினார்கள். கெல்டர்பிக்காரர்களுக்குப் பதிலுக்குத் திட்டக்கூட நாக்கு எழவில்லை.

ஜூலியன் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு அட்டை விசிறி வைத்தார், தட்டிச் சத்தம் எழுப்ப. இருக்கை சில்லென்று இருந்ததால் ஜனங்கள் அதை மடித்து அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அப்புறம் ஒலிபெருக்கியில் கைத்தட்டலைப் பதிவுசெய்து போட்டார். அன்று நாலு கோல் வாங்கினார்கள்.

கிளெண்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புது அலுவலகத்தில் கண்ணாடிச் சுவர், சுற்றும் நாற்காலி எல்லாம் உண்டு, ஆனால் தலைக்கு மேலே தகரம் இல்லை. ஆட்ட நாளில் எழுந்து நிற்பாள், உட்காருவாள், கூரையைப் பார்ப்பாள். வீட்டுக்குப் போனால் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மறந்து, மறுபடி வைப்பாள். என்ன கெட்டுப்போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் கெட்டதில் தன் கையும் இருக்கிறது என்ற உறுத்தல் மட்டும் செருப்புக்குள் கல்லாகக் கிடந்தது.

அந்தக் கல் என்ன என்பதை ஒரு செவ்வாய்க்கிழமை நார்மன் கிரிம்ஷா வந்து எடுத்துக் காட்டினார். எழுபத்து நாலு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய மைதானத்தில் ரயிலடி ஸ்டாண்ட் என்ற பார்வையாளர் மேடையில் கே வரிசை, நாற்பத்தொன்றாம் இருக்கை. தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

"என்ன கண்ணு, ஒரு ஆளைத் தேடிட்டிருக்கேன்."

"யாரு?"

"என் பக்கத்துல உக்காருவாரே, மிட்டாய்க்காரரு. எழுபதாவது நிமிசம் ஆனா புதினா மிட்டாய் ஒண்ணு எடுத்து நீட்டுவாரு. ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி."

"பேரு சொல்லுங்க."

"பேரா? அதெல்லாம் கேட்டதில்லை."

"முப்பது வருசம் பக்கத்துல உக்காந்திருக்கீங்க!"

"அதைத்தான் நானும் சொல்றேன். பக்கத்துலயேதான இருந்தாரு. பேரு சொல்லிக் கூப்பிட என்ன அவசியம்?" நார்மன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இது டமாரம், கண்ணு. பஸ்ஸு ஓட்டி ஓட்டிப் போச்சு. அவரு எனக்கு இடது பக்கம். நடுவரு எதுக்கு விசிலடிச்சாரு, யாரு உள்ள வராங்க, எல்லாம் இடது காதுலதான் சொல்லுவாரு. இப்ப எனக்கு ரெண்டு பக்கமும் காலி. என்ன நடக்குதுன்னே புரியல." தொப்பியை இன்னும் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு, "செத்துட்டாரோன்னு பயமா இருக்கு. செத்திருந்தாலும் யாரு வந்து என்கிட்ட சொல்லப்போறா?" என்றார்.

கிளெண்டா கணினித் திரையைப் பார்த்தாள். கே வரிசை நாற்பத்திரண்டு, டெரிக் ஹாலம். இப்போது எதிர்ப்பக்கத்து கிழக்கு ஸ்டாண்டில், மேல் தட்டில். ஒரு ஆட்டம் விடாமல் வந்திருக்கிறார். ஆனால் ஒருவர் விவரத்தை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது; ஜூலியன் அதற்கு ஒரு முழுநாள் வகுப்பே நடத்தியிருந்தார்.

"மிட்டாய் இன்னும் தீந்துபோகலைன்னு நினைக்கிறேன்" என்றாள்.

 நார்மன் தொப்பியை மாட்டிக்கொண்டு, "அது போதும்" என்று போய்விட்டார்.

அது அவருக்குப் போதும், இவளுக்குப் போதவில்லை. மேசைக்கடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. வகைப்படுத்தத் தெரியாத கடிதங்களை அதில் போட்டு வைப்பாள். மதிய உணவு வேளையில் அதைக் கவிழ்த்துப் படித்தாள். 'எனக்கு முன்னால் உட்கார்ந்த சிவப்பு மப்ளர் அம்மாவுக்கு உடம்பு சுகமா?' 'கோல் விழுந்தால் என் முதுகில் அறைகிறவர் எங்கே போனார்? வலி இல்லாமல் ஆட்டம் ஆட்டமாகவே இல்லை.' 'தொப்பி போட்ட, ஒரு பக்கம் காது கேட்காத பெரியவரைக் கண்டால் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.' கடைசிக் கடிதத்தின் கீழே கையெழுத்து: டி. ஹாலம்.

மொத்தம் அறுபத்தேழு கடிதம். ஒன்றில்கூடத் தேடுகிற ஆளின் பெயர் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. புது மைதானத்துக்கு இடம் பிரிக்கும் வேலையைக் கணினியில் திறந்துவிட்டவள் அவள்தான். அதிக வருடம் வந்தவருக்கு முதல் தேர்வு, ஆளுக்கு ஒரு நேரம், கணினியில் தானே பார்த்துத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஜூலியன் விதி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெண்டாட்டி, பிள்ளையோடு வந்தவர்கள் சேர்ந்து எடுத்தார்கள். மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்து ஆளின் பெயர் தெரியாது, போன் நம்பர் தெரியாது. கோல் விழுந்தால் கட்டிப்பிடித்து அழுவார்கள்; பெயர் கேட்பது மட்டும் அடுத்தவர் சட்டைப்பைக்குள் கைவிடுகிற மாதிரி இந்த ஊரில். இப்படி ஆயிரத்து நூறு பேரை ஒரே பட்டனில் திருவிழாக் கூட்டத்தில் தொலைப்பதுபோல் தொலைத்துவிட்டாள். அந்நியனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எவன் வாய்விட்டுக் கத்துவான்?

யார் யாருக்குப் பக்கத்தில் என்று இந்த உலகத்தில் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். பழைய பட்டியல் அவளிடம் இருந்தது. புது மைதானத்து வடக்கு ஸ்டாண்டின் கீழ்த்தட்டோ ஈ ஆடிக் கிடந்தது. மூன்று நாள் மதிய உணவைக் கணினி முன்னாலேயே தின்றாள். ரயிலடி ஸ்டாண்டின் ஒவ்வொரு வரிசையையும், ஒவ்வொரு எண்ணையும் அப்படியே வடக்குக்குப் பெயர்த்து வைத்தாள். 'உங்கள் இருக்கையில் அவசர வேலை இருப்பதால் இனி வரும் ஆட்டங்களுக்கு வேறு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது' என்று ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கடிதம். அடியில் ஜூலியனின் கையெழுத்து. அது அவள் கணினியிலேயே படமாக இருந்தது. கண்டுபிடித்தால் வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் எல்லாவற்றையும் தபால்பெட்டியில் போட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ஆட்டம் பக்கத்து ஊர்க்காரர்களோடு. இரண்டரை மணிக்கு கிளெண்டா ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது காவலர்களின் வாக்கிடாக்கி அலறியது.

"வடக்குல எல்லாரும் எந்திரிச்சு நிக்கறாங்க! உக்காரச் சொன்னா திட்டறாங்க! யாராச்சும் வாங்க!"

 முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாக ஜன்னலை மூடிவிட்டு, படிக்கட்டில் ஏறி ஸ்டாண்டுக்குள் ஓடினாள்.

அங்கே ஒரே களேபரம். நார்மன் கே வரிசையில் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். "யோவ்! நீ ஏன்யா இந்தப் பக்கம் உக்காந்திருக்க? இது செவிட்டுக் காது! அந்தப் பக்கம் வாய்யா!"

"என் சீட்டு இதுதான்னு போட்டிருக்கு, நான் என்ன பண்ண?" என்றார் வலப்பக்கம் நின்ற ஒல்லி மனிதர், கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு.

கிளெண்டாவுக்கு உறைத்தது. பழைய மைதானத்தில் எண்கள் வலமிருந்து இடமாக ஏறும். இங்கே இடமிருந்து வலம். அங்கே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஜன்னலுக்குப் பின்னாலேயே ஆயுளைக் கழித்தவளுக்கு எப்படித் தெரியும்? ஆயிரத்து நூறு பேரையும் சரியான ஆளுக்குத் தப்பான பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள்.

"மொத்த வரிசையும் தலைகீழா இருக்குப்பா!" என்று சிவப்பு மப்ளர் அம்மா கூவினாள். "அந்தக் கோடியில இருக்கறவங்க இந்தக் கோடிக்கு வாங்க!"

வந்தார்கள். வரிசை வரிசையாக. தொப்பை தொப்பையை இடித்தது, தேநீர் கொட்டியது, ஒருவர் கையிலிருந்த இறைச்சிப் பணியாரம் இன்னொருவர் கோட்டில் அப்பிக்கொண்டது. "கால மிதிக்காதடா மாடு!" "நீ இன்னும் சாகலையா?" "உன்னைப் பொதைச்சிட்டுத்தான் போவேன்!" ஆயிரம் பேர் திட்டி, சிரித்து, ஒருவர் மேல் ஒருவர் ஏறி இடம் மாறினார்கள். முதுகில் பளாரென்று ஒரு அறை விழுந்தது. வாங்கியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மைதானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஆட்டக்காரர்கள் பந்தை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கட்டடம் பிறந்த நாளிலிருந்து கேட்காத சத்தம் அது.

பக்கத்தில் மூச்சு வாங்க ஜூலியன் வந்து நின்றார். "என்னங்க இது? என் கையெழுத்துப் போட்ட லெட்டர் வந்துச்சுங்கறாங்க?"

"ஆமா, நீங்க போட்டதுதான்."

"நான் எப்பப் போட்டேன்?"

"மார்ச்சுல."

ஜூலியன் வாயைத் திறந்தார். அதற்குள் கீழே யாரோ பாட்டை ஆரம்பிக்க, ஸ்டாண்ட் முழுதும் பிடித்துக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு டையைச் சரிசெய்தபடி, "அப்ப நானே போட்டதாவே இருக்கட்டும்" என்றார். திங்கட்கிழமைப் பத்திரிகையில் அது அவர் யோசனையாகவே வந்தது. கிளெண்டா அதை மடித்து பிஸ்கட் டின்னில் போட்டாள்.

அன்று இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். இரண்டாவது கோலுக்கு, ஜன்னலுக்குத் திரும்பியிருந்த அவளைச் சுற்றிக் கண்ணாடிச் சுவர் கிணுகிணுத்தது. அதற்குப் பிறகு சொந்த மைதானத்தில் நடந்த நாலு ஆட்டத்தில் இரண்டு வெற்றி. ஆனாலும் போதவில்லை. ஒரே ஒரு புள்ளி குறைந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள்.

மே மாதம் முதல் திங்கள். இறங்கிப்போன கழகத்துக்கு எவன் வருடச் சீட்டு வாங்குவான் என்று ஜூலியன் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கிளெண்டாவுக்கு ஏழு மணியிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒன்பதுக்கு ஜன்னல் திரையைத் தூக்கினாள். வரிசை கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி ரவுண்டானா வரை போயிருந்தது.

முதலில் நின்றவர் நார்மன். ஜன்னலில் குனிந்தார்.

"வழக்கம்போலதான், கண்ணு."

 இந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையை ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணைத் தட்டினாள். வரிசையில் அவருக்குப் பின்னால் நாலாவது ஆளாக, மிட்டாயைக் குதப்பிக்கொண்டு டெரிக் ஹாலம் நின்றார்.

"இப்பவாச்சும் அவரு பேரைக் கேட்டீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

நார்மன் திரும்பிப் பார்த்துவிட்டு, சீட்டைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டார்.

"என்ன அவசரம்? இப்பத்தான முப்பது வருசம் ஆகுது."