பள்ளத்தெருவை மேடாக்கிய புள்ளி

வில்லியனூரில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில், கடையில் உட்காராமல் தப்பிய ஒரே ஆள் அமீர் ஹம்சா. தராசு பிடிக்க அண்ணன் ஷேக் மைதீன் இருந்தார். அமீருக்குக் கோடு போடுவதில்தான் ஆசை. வரைபடப் படிப்பு படித்துவிட்டு, 1968-இல் புதுச்சேரி டவுனில் ஒரு பாசன வரைபட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று அறை, ஒன்பது ஆட்கள். சுற்றுப்பட்டு ஏரிகளையும் வாய்க்கால்களையும் மேடுபள்ளத்தோடு படமாக்கித் தருவது அவர்கள் வேலை.

மேடுபள்ளத்தை அங்கே யாரும் நடந்து போய் அளப்பதில்லை. விமானத்திலிருந்து எடுத்த போட்டோக்கள் வரும். ஒரே இடத்தை, பறக்கப் பறக்க, சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு முறை எடுத்திருப்பார்கள். முகத்துக்கு நேரே விரலை நீட்டிக்கொண்டு இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறும். தூரத்து மரம் அவ்வளவாக மாறாது. அதே சங்கதிதான். ஒரே பொருள் இரண்டு போட்டோவிலும் எவ்வளவு விலகி விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம்.

அதற்கு ஸ்டீரியோஸ்கோப் என்று ஒரு கருவி. கால் வைத்த மூக்குக்கண்ணாடி மாதிரி மேசைமேல் நிற்கும். அதற்குள் பார்த்தால் இடது போட்டோ இடக்கண்ணுக்கும் வலது போட்டோ வலக்கண்ணுக்கும் தெரியும். சற்று நேரத்தில் இரண்டும் ஒன்றாகி, தட்டையான தாளிலிருந்து வரப்பும் வைக்கோல்போரும் எழுந்து நிற்கும். அவற்றின்மேல் ஒரு கறுப்புப் புள்ளி மிதக்கும். திருகைத் திருப்பினால் புள்ளி ஏறும், இறங்கும். அது தரையைத் தொடுகிற இடத்தில் நிறுத்தி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். தொட்டதா, தொடவில்லையா என்பதைச் சொல்லக் கண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அமீருக்கு அந்தக் கண் வாய்த்திருந்தது. மற்றவர்கள் பத்து நிமிடம் திருகைத் திருப்பும் இடத்தில் அவருக்கு ஒரு நிமிடம் போதும். மேலதிகாரி சூசைநாதன் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அமீரின் மேசைக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவார். "இவரு பார்த்தா அரை அடி தப்பாது" என்பார். அமீர் தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் அந்தச் சொல் காதில் விழவேண்டும் என்று காத்திருக்கவும் செய்வார்.

1972-இல் பாகூர்ப் பக்கம் ஒரு சிறிய ஏரியின் படம் அவர் மேசைக்கு வந்தது. ஏரி நிரம்பினால் வழியும் கலிங்கிலிருந்து உபரித் தண்ணீர் போகும் வாய்க்கால். வாய்க்காலின் தென்புறம் இளம் சவுக்குத் தோப்பு. அதன் நடுவில் இருபத்தைந்து குடிசைகள், பாதி மரநிழலில். ஊர்ப்பட்டியலில் அந்தக் குடியிருப்பின் பெயர் பள்ளத்தெரு.

அந்தத் தோப்பில் அமீரின் புள்ளி நிற்கவில்லை. முதல் தடவை ஓரிடத்தில் தரையைத் தொட்டது. மறுதடவை பார்த்தால் அதற்கு ஆறடி கீழே தொட்டது. இரண்டும் சரியாகத்தான் தெரிந்தன. காரணம் அவருக்குப் புரிந்தது. சவுக்கு நான்கடிக்கு ஒரு வரிசையாக, சீப்பின் பல் போல நட்டிருந்தது. இடது போட்டோவின் ஒரு வரிசையை வலது போட்டோவின் அதே வரிசையோடுதான் கண் சேர்க்க வேண்டும். பக்கத்து வரிசையும் அச்சாக அதே போல இருந்ததால் கண் சில சமயம் தாவி அதைப் பிடித்துக்கொண்டது. ஜோடி மாறினால் தரையே மாறிவிடும். எது உண்மையான ஜோடி என்று போட்டோ சொல்லவில்லை.

சூசைநாதனிடம் காட்டினார்.

"சந்தேகம்னா நேர்ல போய்ப் பார்த்துடு அமீர். நிலத்துல நின்னு பார்த்தா தெரிஞ்சிடும். இல்லன்னா அங்க யாரையாச்சும் கேளு, மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு."

"நாளைக்கே போறேன் சார்."

போகத்தான் செய்தார். ஆனால் அன்றைக்குப் பாகூரில் அவருடைய அக்கா ஜொஹரா பீவியின் வீட்டில் மகளுக்கு நிக்காஹ். ஒரே பயணத்தில் இரண்டு வேலையும் முடியும் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸை விட்டு இறங்கி அரை மைல் நடந்தார். அதற்குமேல் வரப்பு. முந்தின நாள் மழையில் சேறு முழங்கால் வரை இழுக்கும் போலிருந்தது. செருப்பைக் கையில் எடுத்தவர், நின்று பார்த்தார். தூரத்தில் சவுக்குத் தோப்பு வயலுக்குமேல் நிமிர்ந்து நின்றது. மேடு மாதிரிதான் இருந்தது. செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குத் திரும்பினார்.

மறுநாள் சூசைநாதன் கேட்டார். "பார்த்தியா?"

"பார்த்தேன் சார். மேடுதான்."

உயரமான அளவையே வைத்துச் சமவுயரக் கோட்டை இழுத்தார். ஓரத்தில் 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோட்டுக்குள், ஊர்ப்பட்டியலைப் பார்த்து, பள்ளத்தெரு என்று அழகான எழுத்தில் எழுதியதும் அவர்தான். எழுதும்போது கை நிற்கவில்லை.

அந்தப் படத்தை வைத்துத்தான் வாய்க்காலுக்குக் கரை போட்டார்கள். பள்ளமான பக்கங்களிலெல்லாம் கரையை உயர்த்தினார்கள். மேடான பக்கத்துக்குக் கரை எதற்கு என்று தோப்பு ஓரத்தை விட்டுவிட்டார்கள்.

ஐந்து வருடம் மழை சுமாராகவே பெய்தது. 1977 கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள், வெள்ளிக்கிழமை முற்பகல், கலிங்கு வழிந்தது. மற்ற பக்கங்களில் கரை தடுத்த தண்ணீரெல்லாம் தோப்புப் பக்கம் திரும்பியது.

வெள்ளம் வந்த செய்தி கேட்டு வில்லியனூர்க் கடைக்காரர்கள் சேர்ந்து சோறாக்கி வேனில் ஏற்றினார்கள். ஷேக் மைதீன் தம்பியையும் கூப்பிட்டார். எந்த ஊருக்குப் போகிறோம் என்று அமீருக்கு வேனில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

பள்ளத்தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது. ஒரு சுவர் மட்டும் மீந்த வீட்டில் சேற்றுக்கோடு அமீரின் நெற்றி உயரத்துக்கு ஓடியது. அந்தச் சுவரோரம் முப்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் கஸ்தூரி. அவளுடைய அப்பா மாரிமுத்து வாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தவர். அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயலில் நின்ற தண்ணீரை வடியவிடப் போயிருந்தபோது தண்ணீர் வந்திருக்கிறது. அவளால் வாய்க்காலைக் கடக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது அப்பா உயிரோடு இல்லை.

அமீர் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அந்தாண்ட எல்லாம் கரை போட்டாங்க பாய். எங்களுக்குப் போடல. இன்னான்னு போய்க் கேட்டா, படத்துல இது மேடுன்னு இருக்குதாம். பேர்லயே பள்ளம்னு இருக்குதே, படிச்சவங்களுக்கு அது கூடவா தெரியல?"

அமீர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். அடுத்த பொட்டலத்தை யாரிடம் கொடுத்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் பழைய போட்டோக்களைத் தேடி எடுத்து ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்தார். இப்போது எந்த வரிசைக்கு எது ஜோடி என்று தெரியும். திருகை மெல்லத் திருப்பினார். தோப்பும் குடிசைகளும் ஒன்றாக ஆறடி கீழே இறங்கி, கிண்ணத்தின் அடியில் போல உட்கார்ந்தன. முன்னால் தெரிந்த அதே தெளிவோடு தெரிந்தன.

சூசைநாதனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார், நேரில் போகாததையும் சேர்த்து. சூசைநாதன் எழுந்து கதவைச் சாத்தினார்.

"ஐந்து பேர் கையெழுத்து இருக்குற படம். வரலாறு காணாத மழைன்னு அறிக்கை போயிடுச்சு. நீ இப்போ வாயைத் திறந்தா அந்தக் கிழவர் எழுந்து வந்துடுவாரா? போ, வேலையைப் பாரு."

அமீர் போய் வேலையைப் பார்த்தார். அதைத்தான் பிற்பாடு அவர் தன்னுடைய இரண்டாவது குற்றம் என்பார், முதலாவதைவிடப் பெரியது. முதலாவது ஒரு நாள் சோம்பல். இரண்டாவது ஆறு வருடம்.

அந்த ஆறு வருடத்தில் அவர் நேரில் பார்க்காமல் ஒரு கோடும் போடவில்லை. சேற்றில் இறங்கினார், வெயிலில் நின்றார். ஒதியம்பட்டிலும் அபிஷேகப்பாக்கத்திலும் வரப்பில் போகிறவர்களை நிறுத்தி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டார். ஆனால் பாகூர் சாலையில் அந்த நிறுத்தம் வந்தால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரமாட்டார். வீட்டில் மனைவி பரிதா, "ஏங்க, இன்னா யோசனை எப்பப் பார்த்தாலும்?" என்று கேட்டுக் கேட்டு, கேட்பதையே விட்டுவிட்டாள்.

1983-இல் சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்து ஆரோக்கியமேரி என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். கண் செய்கிற வேலையைக் கம்ப்யூட்டரைச் செய்யவைப்பது அவருடைய ஆராய்ச்சி. இரண்டு போட்டோக்களையும் கறுப்பு வெளுப்பு எண்களாக மாற்றிக் கொடுத்தால், இடது படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் வலது படத்தில் ஜோடி எது என்று கம்ப்யூட்டரே தேடி உயரத்தைச் சொல்ல வேண்டும். அது சொல்வது சரியா என்று பார்க்க, நல்ல கண் உள்ள ஒருவர் ஏற்கெனவே அளந்த படங்கள் தேவைப்பட்டன. சூசைநாதன் வழக்கம்போல அமீரின் மேசையைக் காட்டினார். ஆரோக்கியமேரி பத்து ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தார். அதில் அந்த ஏரியும் இருந்தது. அமீர் அதையும் மற்றவற்றோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து, கட்டுக்கட்டாக எண் அச்சடித்த தாள்களோடு ஆரோக்கியமேரி திரும்பி வந்தார். மற்ற ஒன்பது படத்திலும் கம்ப்யூட்டர் அங்கங்கே தடுமாறியிருந்தது. சந்தோஷமாகப் பத்தாவது படத்தின் தாளை விரித்தார்.

"அமீர் சார், இந்த சவுக்குத் தோப்பைப் பாருங்க. இதுதான் ரொம்பக் கஷ்டமான இடம்னு நினைச்சேன். உங்க கண்ணும் எங்க கம்ப்யூட்டரும் அச்சா ஒரே அளவு சொல்லுது! கட்டுரையில இதைத்தான் முதல்ல போடப்போறேன். அடுத்த வருஷம் விழுப்புரம் பக்கம் ஏரிப் படமெல்லாம் இதுலயே பண்ணலாம்னு கேக்குறாங்க."

அமீர் தாளைப் பார்த்தார். வரிசை வரிசையாக அவர் அளந்த அதே எண்கள். அவர் கண் தாவிய அதே பக்கத்து வரிசைக்கு இயந்திரமும் தாவியிருந்தது. கொஞ்ச நேரம் மனசுக்கு இதமாகக்கூட இருந்தது, தன்னைப் போலவே இன்னொன்றும் ஏமாந்திருக்கிறதே என்று. அந்த இதம்தான் அவரை உலுக்கியது. இயந்திரத்துக்குக் கால் இல்லை. பள்ளத்தெரு என்ற பெயரை வாசிக்கவும் அதற்குத் தெரியாது. அவருக்கு இரண்டும் இருந்தன. இப்போது சும்மா இருந்தால், விழுப்புரம் பக்கம் எத்தனை தோப்பு, எத்தனை தெரு?

"ரெண்டும் தப்பும்மா," என்றார்.

"எது ரெண்டும்?"

"உங்களுதும் தப்பு, என்னுதும் தப்பு. அங்க தரை ஆறடி கீழ இருக்குது. நான் நேர்ல போகல. போனதா எழுதினேன். எழுபத்தேழுல அங்க தண்ணி பூந்து ஒருத்தர் செத்துட்டாரு."

ஆரோக்கியமேரி தாளை மடித்து வைத்தார். பிறகு, "போய் அளந்துடலாமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

தரைமட்டம் பார்க்கும் லெவல் கருவியும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பள்ளத்தெருவுக்குப் போனார்கள். அன்றைக்குத்தான் அமீர் அந்த வரப்பை முழுவதும் நடந்தார். ஐந்து நிமிட நடைதான். அளந்ததில் படத்தைவிடத் தரை ஆறடி இரண்டங்குலம் தாழ்ந்திருந்தது.

கஸ்தூரி இப்போது தெருக்கோடியில் ஓட்டு வீட்டில் இருந்தாள். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அமீர் நின்றபடியே சொன்னார். தான் யார், என்ன வரைந்தார், எந்த இடத்தில் நின்று திரும்பிப் போனார் என்று, எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் துழாவிக்கொண்டிருந்த நெல்லை விட்டு நிமிர்ந்தாள்.

"அந்தக் களத்துமேட்டாண்ட நின்னியா?"

"ஆமா."

"அங்கேர்ந்து கூப்பிட்டாலே எங்கப்பாவுக்குக் காது கேட்டிருக்கும். அப்ப நல்லாத்தான் நடமாடிக்கினு இருந்தாரு. அவரே வந்து சொல்லியிருப்பாரு, இது பள்ளம்னு."

அமீர் களத்துமேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சோறு குடுத்தியே அன்னிக்கி, அப்ப தெரியுமா உனுக்கு?"

"உங்க வாயால கேட்டப்பதான் தெரிஞ்சிது."

"அப்புறம் ஆறு வருசமா?"

மன்னிப்புக் கேட்க வந்தவருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. அவள் மறுபடியும் நெல்லைத் துழாவ ஆரம்பித்தாள். "கரை வருமா, வராதா? அதைச் சொல்லிட்டுப் போ," என்றாள்.

அமீர் அன்றே எழுதிக் கொடுத்தார். படத்தின் எண், தேதி, தவறான கோடு, பொய்க் கையெழுத்து, எல்லாம் இரண்டு பக்கம். சூசைநாதன் அதை வாங்க மறுத்தபோது தபாலில் அனுப்பினார். விசாரணை நடந்தது. அவரை வரையும் மேசையிலிருந்து எடுத்துப் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். "இதுக்குப் போய் ஏன்டா வாயைத் திறந்த? குடும்பத்துக்கே தலைகுனிவு," என்று அண்ணன் சத்தம் போட்டார். பரிதா அன்றைக்குத்தான் முழுக்கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "இத்தினி வருசம் என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல," என்று அழுதாள்.

ஆரோக்கியமேரி கட்டுரையை மாற்றி எழுதினார். இடது படத்துக்கு வலது படத்தில் தேடிக் கண்ட ஜோடியை, வலது படத்திலிருந்து இடது படத்திலும் தேடிப் பார்க்கச் சொன்னார். ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடி ஒரே அளவுக்குப் பொருந்தினால் எண் எதுவும் போடாமல் கட்டத்தை வெறுமையாக விடும்படி கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார். வெறுமையான கட்டங்களுக்கு ஆள் நேரில் போக வேண்டும் என்பதும் அவர் போட்ட விதி. கட்டுரையின் கடைசியில் அமீர் ஹம்சாவுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பிரதி தபாலில் வந்தபோது அமீர் அதை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

1985 கோடையில் தோப்பு ஓரம் கரை எழும்பியது. வேலை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அமீர் போய் அதன்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். மண் இன்னும் இறுகவில்லை. கீழே கஸ்தூரி மாட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். அவரைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மாடு இழுத்த பக்கம் போய்விட்டாள். அமீர் கரையின் சரிவில் ஓரிடம் கோடை மழைக்குக் கரைந்திருப்பதைக் கவனித்து, தாளில் குறித்துக்கொண்டார். மறுநாள் அதைப் பற்றிச் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுதினார். பதில் வராததால் அடுத்த வாரம் மறுபடியும் எழுதினார்.