விமானங்களுக்கு எண்ணெய் கொடுக்கச் சொன்ன நாள்

போன கிழமை மிசிசாகாவில் காருக்குக் காஸ் அடித்துக்கொண்டு நின்றேன். வானொலியில் செய்தி போனது. எந்தச் சண்டையிலும் சேராத நாடொன்று, தன் விமான நிலையத்தில் வேறொரு நாட்டின் போர் விமானங்கள் இறங்கி எண்ணெய் நிரப்ப விடலாமா என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறதாம். பெற்றோல் மணம் மூக்கில் ஏற, எனக்கு வெட்கமாகிவிட்டது. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். யாரோ ஒரு நாட்டின் சங்கடத்துக்கு இவன் ஏன் வெட்கப்படுகிறான்?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஊரைவிட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில், மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே இருந்த அறையொன்றில் இருந்தேன். பகலில் ஆங்கில வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அந்தக் கனம் என் நடையிலேயே தெரியும் என்று வீட்டுக்கார அன்ரி பகிடி பண்ணுவார். பக்கத்து அறையில் பரமண்ணை. உணவகத்தில் கோப்பை கழுவினார். ஊரில் அவருடைய தங்கை விமானக் குண்டில் இறந்துபோயிருந்தாள். ஆங்கிலம் தெரியாததால், டொக்டரிடம் போவதென்றால் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். "இவன்தான் என்ரை வாய்" என்று டொக்டருக்கே தமிழில் சொல்வார்.

வளைகுடாவில் சண்டை நடந்த காலம். வகுப்பில் விவாதம் வைத்தார்கள். வானொலியில் போன இதே கேள்விதான். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு 'விடலாம்' என்ற பக்கம் விழுந்தது. மனம் ஒப்பாதவர்கள் பக்கம் மாறலாம் என்றார் ரீச்சர். நான் மாறவில்லை. அதோடு விட்டேனா? கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். எண்ணெய் கொடுப்பவன் குண்டு போடுபவன் அல்ல என்று கையை உயர்த்திச் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. அந்தத் தட்டலில் மிதந்துகொண்டே, ரீச்சர் எடுத்த வீடியோக் கசெற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிறு மத்தியானம். பொரித்த மிளகாய் மணம் ஹோலெல்லாம். கலியாண வீட்டு வீடியோ பார்ப்பதுபோலச் சோடாவும் மிக்ஸருமாக எல்லாரும் இருந்தார்கள்.

"தம்பி, நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லும். வெள்ளையள் கைதட்டுறது மட்டும்தான் எங்களுக்கு விளங்குது" என்றார் அன்ரி.

"பிளேன் எண்டு கேக்குதடா" என்று பரமண்ணை முன்னுக்கு நகர்ந்தார். "பிளேனை என்ன செய்யச் சொல்லுறாய்?"

"சண்டைப் பிளேனை இறங்க விடக்கூடாது எண்டு சொல்லுறன், அண்ணை."

"எண்ணெய் குடுக்கிறவனும் கூட்டுத்தான் எண்டு சொன்னியோ?"

"ஓம். அதைத்தான் சொன்னனான்."

திரையில் நான் கையை உயர்த்தி அதற்கு நேரெதிராகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்த இடத்தைத் திருப்பிப் போடு."

போட்டேன். இன்னொருக்கால் என்றார். பிறகு சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "என்ரை தங்கச்சிக்காக ஒருத்தனெண்டாலும் கதைச்சிருக்கிறான்."

இரண்டு பக்கத்திடமும் நல்ல பெயர் எடுக்கப் பார்க்கும் நாடுகளைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் நான் இப்போதெல்லாம் வாய் திறப்பதில்லை. நான் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம், வீட்டில் தமிழில் மறுபக்கம் நின்றவன்.

கசெற்றைப் பரமண்ணை இரவல் வாங்கிக்கொண்டு அஜக்ஸில் இருந்த சிநேகிதர் வீட்டுக்குப் போனார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சிநேகிதரின் மகள் இங்கே படித்த பிள்ளை. நான் பேசியதை உள்ளபடி தமிழில் சொல்லிவிட்டாள். திரும்பி வந்தவர் கசெற்றை என் கட்டிலில் வைத்தார்.

"வடிவாத்தான் பேசியிருக்கிறாய்" என்றார்.

அவ்வளவுதான். ஏசவில்லை. அடுத்தமுறை டொக்டரிடம் அந்தப் பிள்ளையோடு போனார்.

அன்ரி அந்த வீட்டை விற்றுவிட்டார். பேஸ்மென்றில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திக்கு. பரமண்ணையும் அஜக்ஸில் வீடு வாங்கிவிட்டார். சில மாதங்களுக்கு முன் தமிழ்க் கடையில் மீன் வெட்ட வரிசையில் நின்றபோது அவரைக் கண்டேன்.

"அண்ணை, சுகமா இருக்கிறியளோ?"

திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ஐ ஆம் ஃபைன். தாங்க் யூ" என்றார்.

தன் முறை வந்ததும் மீன்காரப் பொடியனிடம், "தம்பி, தலையை எறிஞ்சு போடாதை" என்று தமிழில் சொன்னார்.