பாதி வளைவில் முடிந்த கைப்பிடி

கூலாய் ஊரில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறேன். நெருப்புக்குப் பயமில்லை, நாய்க்குத்தான் பயம். பக்கவாதம் வந்த கணவர் நடை பழகுவதற்காக, வட்டச் சிமெண்டு மேடையின் ஒரு பக்க விளிம்புக்குக் கைப்பிடி கேட்டார் ஓர் அக்கா. வளைவின் நீளம் தெரிய மையத்தில் நின்று கோணம் அளக்க வேண்டும். மையத்தில் நாய் படுத்திருந்தது. நான் எதிர் விளிம்பில் நின்றே அளந்தேன். அறுபது டிகிரி.

அந்தக் கணக்கில் செய்த கைப்பிடியைப் பொருத்தினால், பாதி வளைவில் முடிந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் அக்காவின் கணவர் ஆசையாகப் பிடித்து நடந்தார். அடுத்து அவர் கை காற்றைத்தான் பிடித்தது. அக்கா ஓடிவந்து தாங்கினார்.

"என்ன தம்பி, மிச்சத்துக்கு இவரு பறக்கணுமா?"

"நடுவுல நாய் இருந்துச்சுக்கா..."

"அலமாக்! அதுக்குப் பல்லே இல்லலா!"

பிறகு மையத்தில் நின்று அளந்தபோது நூற்றிருபது. எதிர் விளிம்பில் நின்றால் பாதிக் கோணம்தான் வரும் என்பது பள்ளிப் பாடம். பயத்தைச் சொல்ல வெட்கப்பட்டவன் நான், விழப்போனவர் அவர்.