இரண்டு சென்ட் பாட்டில்களும் ஏழுமலையும்

சென்ற செவ்வாய்க்கிழமை கும்மிடிப்பூண்டி ரயிலடியில் பழைய தோழர் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஏழுமலை பூட்டாருபா. காத்தால நாஷ்டா துன்னுகினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்" என்றார். வந்த வண்டியில் நான் ஏறவில்லை.

அவரோடு ஐஸ் பேக்டரியில் வேலை செய்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காட்டு மீனுக்கு ஐஸ் போட்ட அந்தக் கம்பெனியில் அவர் மெஷின் ஆபரேட்டர். நான் டைம் கீப்பர். ஐஸ் உறையக் குழாயில் அமோனியா ஓட வேண்டும். அது கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். கசிவைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இருந்தது ஏழுமலையின் மூக்குதான். "கண்ணு எரியறதுக்கு முன்னாடி மூக்கு சொல்லிடணும்பா" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் திருவள்ளூர் பக்கம் மணவாள நகர். சீர்த்தட்டில் வைக்க ஒரு சென்ட் வாங்கலாமென்று திருவள்ளூர் கடைத்தெருவுக்கு என்னையும் அழைத்துப் போனார். கடைக்கார பாய் இரண்டு பாட்டில்களைத் திறந்து வைத்தார். ஒன்று வெட்டிவேர் அத்தர். மற்றது கப்பலில் வந்த சீமை சென்ட். எலுமிச்சை வாசனை தூக்கலாக இருந்தது.

ஏழுமலை முதலாவதை முகர்ந்தார். இரண்டாவதை முகர்ந்தார். மறுபடி முதலாவதை எடுத்து மூக்கோடு அழுத்திக்கொண்டார். "நீயே ஒண்ணு எடுபா" என்று சொல்லி வெளியே போய் நின்றார். நான் வெட்டிவேரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

"எனக்கு ரெண்டும் பச்சத் தண்ணி மாதிரி கீதுபா. போன மாசம் ஜுரம் வந்துச்சே, அதுலேர்ந்து சளின்னு நெனைச்சினு இருந்தேன்" என்றார்.

எனக்குக் கல்யாணம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. "யாராண்டயும் சொல்லாத. தங்கச்சி கல்யாணம் முடியட்டும். ஆபரேட்டர் வேலை போச்சுன்னா மாப்பிள்ளை ஊட்ல இன்னா சொல்வாங்களோ" என்றேன். அவர் என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் சங்கு ஊதும் முன்பே மேனேஜர் முன்னால் போய் நின்றார். "சார், என் மூக்கு செத்துப்போச்சு. மெஷின வேற ஆளாண்ட குடுங்க. உள்ள எட்டு பேரு வேலை செய்றாங்க."

அவரை ஐஸ் கட்டி இழுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். பல வருடம் மெஷின் ஓட்டியவர், தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு கொக்கி பிடித்தார். மாப்பிள்ளை வீட்டில் முணுமுணுத்தார்கள். "எங்கண்ணன் பொய் சொல்லி எனக்குக் கண்ணாலம் பண்ண வாணாம்" என்றாளாம் தங்கை. எப்படியோ, கல்யாணம் நடந்தது.

மறு வருடம் ஒரு மத்தியானம் குழாய் இணைப்பு விட்டது. புது ஆபரேட்டர் முதல் நெடியிலேயே கத்தினார். எல்லோரும் ரோட்டுக்கு ஓடினோம். ஏழுமலைக்கு எந்த நெடியும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர்தான் ஒவ்வொருவர் தோளாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். என் தோளில் கை வைத்து, "டைம் கீப்பரும் கீறாரு. எல்லாம் வந்துட்டாங்கபா" என்றார்.

திருவள்ளூரில் நான் சொன்ன யோசனையை அவர் கடைசிவரை எவரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட ஒருமுறையும் அதைப் பேசியதில்லை. இன்று நானே சொல்லிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, என்னையும் விடாமல் சேர்த்து எண்ணிய அந்தக் கையின் கனம்.