அத்தானின் சம்மட்டி

சம்மட்டியை ஓங்கிக்கொண்டு அத்தான் நிற்கும் காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் நின்றது எங்கள் கரவெட்டி வீட்டு முன்னறையில், தொலைக்காட்சித் திரைக்குள். சாய்மனைக் கதிரையில் சாரத்தோடு இருந்த நிஜ அத்தான், என் அக்காவின் கணவர், அசையவேயில்லை. கையிலிருந்த பொத்தானை ஒரு தரம் அழுத்தினார், அவ்வளவுதான். திரையில் அவருடைய வீரன் தன் உயரத்துக்குச் சமமான இரும்புச் சம்மட்டியை மெல்ல மெல்லத் தலைக்கு மேல் தூக்கினான். நாலு பக்கத்தாலும் எலும்புக்கூடுகள் வந்து அவனைக் குத்தின. “ஓடுங்கோ அத்தான்!” என்று கத்தினேன். அவர் ஓடவில்லை. அந்தச் சம்மட்டியை ஓங்கியவன் அது விழும்வரை ஓட முடியாது, விளையாட்டின் விதி அப்படி. அது விழுந்தபோது எலும்புக்கூடுகளோடு ஒரு கல்மதிலும் சேர்ந்து உடைந்தது.

அந்த விளையாட்டு ஏழெட்டுப் பாகம் வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் கதை மாறும், நாடு மாறும், வீரனின் முகம்கூட மாறும். சம்மட்டி மட்டும் தவறாமல் எங்காவது ஒரு பாழடைந்த கோயிலுக்குள் பெட்டியில் கிடக்கும். கெட்டிக்காரர்கள் அதைத் தொடமாட்டார்கள். நானும் கெட்டிக்காரன் என்ற நினைப்பில் இரண்டு கத்திகளோடு துள்ளித் திரிந்து, அத்தானைவிட அதிக தரம் செத்தேன். அவரோ பருத்தித்துறை வீதியில் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். “பிறேக்கை மிதிச்ச உடனை பஸ் நிக்குமே? சனம் நிறைஞ்சால் இன்னும் முன்னுக்கே மிதிக்கவேணும். உதுவும் அப்பிடித்தான்” என்பார். எதிரி கண்ணில் படுமுன்பே ஓங்கத் தொடங்கிவிடுவார். எதிரி வந்து சேரவும் சம்மட்டி இறங்கவும் சரியாக இருக்கும்.

அக்கா செத்த பிறகுதான் நாங்கள் விளையாடத் தொடங்கினோம். அவள் இருந்தவரை அத்தானும் நானும் நேரே கதைத்தது குறைவு. எனக்குச் சொல்லவேண்டியதை அவர் அக்காவிடம் சொல்வார், நானும் அக்காவிடமே பதில் சொல்வேன். கல்யாணம் கட்டாத தம்பியான என்னைத் தன்னோடு வைத்திருந்த அவள் போனதும், ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள், நடுவில் ஆள் இல்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் இருந்து சாப்பிட்டோம். அக்காவின் ஒரே பிள்ளை, என் மருமகள், கனடாவுக்குப் போகும்போது விட்டுப்போன விளையாட்டுப் பெட்டியை ஒருநாள் சும்மா தூசு தட்டித் தொலைக்காட்சியில் பூட்டினேன். அத்தான் வந்து பக்கத்தில் இருந்தார். “உதிலை பாரமான சாமான் எது?” என்றார். அவர் என்னிடம் நேரடியாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று இன்றும் எனக்கு ஒரு எண்ணம்.

முதலாம் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு மருமகள் அவரைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டாள். எனக்குச் சனி பின்னேரம், அவருக்குச் சனி காலை. இணையத்தின் வழியாக அதே விளையாட்டைத் தொடர்ந்தோம். அங்கே பேரன் நித்திரை, வாய் திறக்கக் கூடாது. அதனால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்புவார், ஒரு தரத்துக்கு ஒரு சொல். ‘நில்’. ‘அடி’. ‘விடு’. கிழமை முழுக்கக் கந்தோர் வேலையில் கோவைகளோடு மாரடித்துவிட்டு வெறும் வீட்டைத் திறக்கிற எனக்கு அந்த ஒற்றைச் சொற்கள் போதுமாக இருந்தன. பொய் சொல்வானேன், அவற்றுக்காகத்தான் சனிக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் திவசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ‘திவசத்துக்கு வருவியளோ?’ என்று தட்டினேன். அவருடைய வீரன் அப்போது சம்மட்டியை ஓங்கியிருந்தான். அது விழுந்தது. பிறகு திரையில் ஒரு சொல் வந்தது: ‘வாறன்’. உடனே அவர் விளையாட்டை விட்டு வெளியேறிவிட்டார். எனக்குக் கண் கலங்கிப்போயிற்று. திருப்பிக் கேட்கவில்லை, கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம். அவருடைய மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினேன். நீர்வேலியில் சொல்லி ஒரு குலை கப்பல் வாழைப்பழம் எடுத்தேன். ஐயரிடம், “அத்தான் வாறார், அவரே இருந்து செய்வார்” என்று பெருமையாகச் சொன்னேன். அடுத்த சனி அவர் விளையாட வரவில்லை. பயணச் சாமான் அடுக்குவதில் நிற்பார் என்று நானே முடிவு கட்டினேன்.

மறுநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “எத்தினை மணிக்கு இறங்குறியள், அத்தான்? நான் கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வான் பிடிக்கவேணும்.”

“எங்கை இறங்குறது?”

“நீங்களெல்லே வாறன் எண்டு எழுதினனீங்கள்?”

“தம்பி, அண்டைக்குப் பேரன் எழும்பி அழத்தொடங்கீட்டான். பிறகு அவனுக்குக் காய்ச்சல். நீ கேட்டதை நான் காணேல்லை. சொல்லிப்போட்டு எழும்புவம் எண்டு எழுதினனான். போறன் எண்டு எப்பிடியடாப்பா எழுதுறது?”

அவரில் பிழையில்லை. எங்கள் பக்கம் வாசல் தாண்டுகிற எவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை, அது கூடாத சொல். சந்தைக்குப் போகிறவரும் வாறன் என்கிறார், கடல் கடந்து போகிறவரும் வாறன் என்கிறார். விமான நிலையத்தில் அத்தானும் அதைத்தான் சொன்னார். பிறந்தது முதல் கேட்ட சொல்லை நாற்பத்திரண்டு வயதில் பிழையாக விளங்கிக்கொண்டேன், எனக்கு வேண்டியபடி.

“இஞ்சை பேப்பர் அலுவல் முடியேல்லை. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளுக்கு விடாங்கள். நீயே இருந்து செய். உன்ரை அக்காதானே” என்றார். ஓம் என்றேன். மெத்தையைப் பற்றியோ வாழைக்குலையைப் பற்றியோ நான் ஒன்றும் சொல்லவில்லை.

“சரி அத்தான், அப்ப வாறன்” என்று வைக்கப்போனேன்.

“எப்ப?” என்றார் அவசரமாக. “எப்ப வாறாய், தம்பி?”